புண் ஆறும், முதலில் அந்த இடது காலைக் காட்டுங்கள்

தங்கச்சி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மார்பகக் குறைப்புச் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று கிழமை. தையல் பிரிந்த இடத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் எழுதி முடித்த பிறகு, "இடது கெண்டைக்கால் நாலு நாளாக உளையுது, கொஞ்சம் வீங்கின மாதிரியும் இருக்கு, படுத்தே கிடக்கிறதாலதான் போல, அம்மா எண்ணெய் போட்டு உருவி விடுறா" என்று ஒரே ஒரு வரி.

அந்தக் காலை இன்றைக்கே வைத்தியசாலையில் காட்ட வேண்டும். கடிதத்தை வாசித்தவுடன் நீங்கள் தந்திருந்த இலக்கத்துக்கு அழைத்து இதைச் சொல்லிவிட்டேன். இங்கும் எழுதுவதற்குக் காரணம், எந்தச் சத்திரசிகிச்சை செய்தவரானாலும் இப்படியொரு காலோடு பேசாமல் படுத்திருக்கக்கூடும் என்பதுதான்.

காலின் ஆழத்திலுள்ள நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம் என்பது என் சந்தேகம். உங்கள் விஷயத்தில் அதற்கான காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. பெரிய சத்திரசிகிச்சை எதுவானாலும் அதற்குப் பிறகு சில கிழமைகளுக்கு இரத்தம் வழக்கத்தைவிட எளிதில் உறையும். அதோடு கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வான் வண்டியில் முழங்காலை மடித்தபடி ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஹபரணையிலோ தம்புள்ளையிலோ இறங்கி நாலு எட்டு நடக்கவும் இல்லை என்கிறீர்கள். வீட்டுக்கு வந்தபின் "அசையக் கூடாது" என்று மூன்று கிழமையும் கட்டில். நிறுத்தி வைத்திருந்த குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையையும் யாரிடமும் கேட்காமல் மறுபடி தொடங்கியிருக்கிறீர்கள். ஈஸ்ட்ரஜன் உள்ள குளிசை இரத்த உறைவுக்கு இன்னும் இடம் கொடுக்கும்.

உறைந்த கட்டியிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் சொல்கிறேன், உருவுவதை இந்த நிமிடமே நிறுத்துங்கள். அம்மா பாசத்தில்தான் செய்கிறா, எனக்குத் தெரியும். ஆனால் வீங்கிய காலை அழுத்தி உருவுவது கட்டியைக் கிளப்பிவிடக்கூடும். சித்தாலேப தைலம் பூசினால் தோலில் குளிர்ச்சி தெரியும், உள்ளேயிருக்கும் உறைவை அது தொடாது. பார்மசியில் நீங்களே கேட்டு வாங்கிய டைக்குளோபெனாக் வலியை மறைக்கும், அவ்வளவுதான். இரத்தம் உறையாமலிருக்க மருந்து தொடங்க வேண்டி வந்தால், அதோடு சேர்ந்து இரத்தக்கசிவையும் கூட்டும். வலிக்கு பனடோல் (பரசிற்றமோல்) போதும்: ஒரு தடவைக்கு இரண்டு குளிசை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம்.

சத்திரசிகிச்சை செய்துகொண்ட மற்றவர்கள் வீட்டிலேயே காலை எப்படிப் பார்ப்பது? தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா போதும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு எலும்பு மேடு கைக்குத் தட்டுப்படும். அதிலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே, இரண்டு காலையும் ஒரே உயரத்தில் சுற்றி அளவுங்கள். ஒரு கால் மற்றதைவிட 3 சென்ரிமீற்றருக்கு மேல் பருத்திருந்தால் சந்தேகம் பலமாகிறது. சூடு, தோல் நிற மாற்றம், விரலால் அழுத்தினால் விழும் குழி ஆகியவையும் ஒரு காலில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அளவு வித்தியாசம் குறைவாக இருக்கிறது என்று நிம்மதிப்பட்டு விடாதீர்கள். சத்திரசிகிச்சை செய்தவருக்கு ஒரு காலில் மட்டும் புதிதாக வந்த உளைவு, அளவு என்னவானாலும் வைத்தியர் பார்க்க வேண்டிய ஒன்று.

போகிற வழியிலோ, அதற்கு முன்போ, திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினால், இருமலில் இரத்தம் வந்தால், தலை சுற்றி விழப் பார்த்தால், ஓட்டோ தேட வேண்டாம். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள் என்று பயப்பட எதுவுமில்லை. தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை ஜெல் பூசி, இரத்தவோட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கான் பார்ப்பார்கள், வலிக்காது. ஸ்கானுக்குக் காத்திருக்க வேண்டி வந்தாலும் சந்தேகம் பலமாயிருந்தால் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் வகை ஊசியை முதலில் தொடங்கிவிடுவார்கள். உறைவு உறுதியானால் அதன்பிறகு குளிசை, குறைந்தது மூன்று மாதம். இணையத்தில் வாசித்துவிட்டு டி-டைமர் (உறைந்த இரத்தம் கரையும்போது வரும் பொருளை அளப்பது) இரத்தப் பரிசோதனையைத் தனியார் ஆய்வுகூடத்தில் நீங்களே செய்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு அது எப்படியும் கூடித்தான் இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வீணாகப் போவது உங்கள் காசும், அதைவிட முக்கியமாக நேரமும்.

இனி நீங்கள் ஏன் இவ்வளவு நாள் போகவில்லை என்பதற்கு வருகிறேன். அதையும் எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரருக்குப் பித்தப்பைக் கல் ஒப்பரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். இங்கே பொது வைத்தியசாலையில் தெரிந்த முகங்கள் வேலை செய்கின்றன, போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயம். ஊருக்கு என்ன சொல்வது என்பது உங்கள் உரிமை, அதில் நான் தலையிடமாட்டேன். வைத்தியரிடம் மட்டும் மறைக்காதீர்கள். சத்திரசிகிச்சை நடந்ததே தெரியாவிட்டால், முப்பத்தெட்டு வயதுப் பெண்ணின் கால் உளைவைத் தசைப்பிடிப்பு என்று நினைத்துக் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்ப இடமிருக்கிறது. எப்போது என்ன சத்திரசிகிச்சை, என்ன குளிசை, எத்தனை நாள் படுக்கை என்ற மூன்றையும் சொன்னால்தான் அவர் மனதில் சரியான சந்தேகம் வரும். காலைப் பார்க்க மார்பைத் திறக்க வேண்டியதில்லை. புண்ணைக் காட்டும்போது திரை போடச் சொல்லுங்கள், பெண் தாதி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பதினைந்து வருடமாகக் கழுத்து வலி, தோளில் பிரா பட்டி அறுத்த பள்ளம், சித்திரை வைகாசி வெயிலில் மார்புக்கு அடியில் வெந்து புண்ணாகிற தோல். கரும்பலகைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிற ஒரு ஆசிரியைக்கு அது எப்படிப்பட்ட பாரம் என்று சுமந்தவருக்குத்தான் தெரியும். நீங்கள் செய்தது வைத்தியம். "கடவுள் தந்த உடம்பைக் கத்திக்குக் கொடுத்த தண்டனையா இது" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பிள்ளை. தையல் பிரிந்ததற்குக் காரணம் உங்கள் மார்பிலேயே இருக்கிறது.

இந்தச் சத்திரசிகிச்சையின் வெட்டு பெரும்பாலும் நங்கூர வடிவம்: காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே ஒரு கோடு, மார்பின் அடிமடிப்பில் ஒரு வளைவு. கீழ்க்கோடும் வளைவும் சந்திக்கிற முனையில் தோல் மிக இறுக்கமாக இழுபட்டிருக்கும். இரத்தம் வந்து சேரக் கடைசி இடமும் அதுதான். இரண்டாம், மூன்றாம் கிழமையில் அந்த முனை ஒரு கடலை அளவுக்கு வாய் திறப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். உள்ளே ஒட்டியிருக்கும் மஞ்சள் படலத்தைப் பார்த்துச் சீழ் என்று பயந்திருக்கிறீர்கள். அது பெரும்பாலும் ஆறும் புண்ணில் படிகிற படலம். மறுபடி தைக்கத் தேவை வருவது அரிது. அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்து சில கிழமைகளில் தானாக மூடும். மார்பு அழுகும், காம்பு விழும் என்ற காணொளிகளைப் பார்ப்பதை நிறுத்துங்கள். இரத்தவோட்டம் போதாமல் காம்பு கெடுவது உண்டுதான். ஆனால் அது முதல் சில நாட்களிலேயே நிறம் கறுத்துக் காட்டிக் கொடுத்துவிடும். உங்கள் காம்புகள் பழைய நிறத்தில் இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் அன்ரிபயோட்டிக் கப்சியூலை உடைத்துத் தூளைப் புண்ணில் தூவியது எனக்குக் கோபம் வருகிற விஷயம். அந்தத் தூள் புண்ணில் கட்டிபட்டுத் தோலை எரிச்சலாக்கும், கிருமியை மருந்துக்குப் பழக்கப்படுத்தும், புண்ணைப் பார்க்கிற வைத்தியரின் கண்ணையும் மறைக்கும். மஞ்சளும் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். சாதாரண சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் விட்டு மெதுவாகக் கழுவி, ஒட்டாத துணியால் மூடி, நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிவப்பு நாளுக்கு நாள் பரந்தால், நாற்றம் வந்தால், 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் அடித்தால் மட்டும் புண்ணுக்காகவும் ஓட வேண்டும்.

மற்றவற்றுக்குச் சுருக்கமாக. ஒரு பக்கம் பெரிதாகத் தெரிவது வீக்கம். வடிவம் படிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் எடுக்கும். மின்சாரம் அடித்த மாதிரிக் குத்துவது நரம்பு திரும்ப வளர்கிற வேலை. காம்பு மரத்திருப்பது மாதக்கணக்கில் நீடிக்கலாம், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். மரத்த தோலில் சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்காதீர்கள், வெந்தாலும் தெரியாது. கன்னியா வெந்நீரூற்றும் உப்புவெளிக் கடலும் புண் முழுக்க மூடும்வரை வேண்டாம். தழும்பு சிவந்து அரிப்பது வழமை. கம்பியில்லாத இறுக்கமான பிரா ஆறு கிழமை, இரவிலும். அரிசி மூட்டை, தண்ணீர் வாளி தூக்குவதும் அதுவரை இல்லை. பின்னாளில் உள்ளே கெட்டியாகக் கட்டி தட்டுப்பட்டால், கொழுப்பு இறந்து இறுகியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இருந்தாலும் நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் கிளினிக்கில் காட்டுங்கள். வெட்டியெடுத்த திசுவின் ஆய்வுகூட அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

கிரந்தி, அதாவது புண்ணைக் கிளப்பும் சாப்பாடு, என்று மீனையும் முட்டையையும் நிறுத்தியிருக்கிறா மாமி. புண் மூடப் புரதம் வேண்டும். மீன், முட்டை, பருப்பு எல்லாம் சாப்பிடுங்கள், தண்ணீரும் நிறையக் குடியுங்கள். கட்டிலில் கிடக்கிற "ஓய்வு" இந்தச் சத்திரசிகிச்சைக்குச் சொல்லப்பட்டதே இல்லை. முதல் நாளிலிருந்தே எழுந்து நடக்க வேண்டியது. மற்றவர்கள் மணிக்கொருமுறை முற்றம் வரைக்குமாவது போய் வாருங்கள்.

நீங்கள் மட்டும் முதலில் வைத்தியசாலைக்கு. கொழும்பில் வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் காட் (நோய் விபர அட்டை), குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையின் பெட்டி, பார்மசியில் வாங்கிய மருந்துகளின் உறைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். அந்தக் குளிசையை இனி எடுக்கலாமா என்று அங்கே கேளுங்கள், பதில் வரும்வரை வேறு தடுப்பு முறை. கால் விஷயம் முடிவானதும் உங்கள் சத்திரசிகிச்சை நிபுணருக்கு அழைத்து, என்ன மருந்து தொடங்கினார்கள் என்று சொல்லிவிடுங்கள். புண்ணில் இரத்தம் கசிகிறதா என்று எத்தனை நாளுக்கொருமுறை பார்க்க வேண்டும் என்பதை அவரே சொல்வார்.