வாஷிங்டன் கடிதம்: சான்றிதழை விடுங்கள், ரசீதைக் கேளுங்கள்

கேள்வி: ஜார்ஜ் வாஷிங்டன் கையொப்பமிட்ட 1779-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று தரகர் மூலம் விலைக்கு வந்திருக்கிறது. அசல் என்று சான்றிதழும் தருகிறார். ஆனால் கடிதத்தை எழுதிய கை வேறு, கையொப்பம் போட்ட கை வேறு போலத் தெரிகிறது. போலியா?

பதில்: அதை வைத்துப் பயப்பட வேண்டாம். அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்தில் படைத்தலைவர் வாஷிங்டனின் கடிதங்களை எழுதியவர்கள் பெரும்பாலும் உதவியாளர்கள். பின்னாளில் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சரான அலெக்ஸாண்டர் ஹாமில்டனும் அந்த வேலை பார்த்தவர்தான். வாஷிங்டன் கையொப்பம் மட்டும் போடுவார். அவரே முழுக்க எழுதியதைவிட விலை குறையும், அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது அந்தச் சான்றிதழ்தான். பிரிண்டர் வைத்திருக்கும் யாரும் அதை அடித்துவிடலாம். அடுத்து, “தாளைப் பாருங்கள், எவ்வளவு பழசு!” என்பார். 19-ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் ராபர்ட் ஸ்பிரிங் என்பவர் பழைய புத்தகங்களின் வெற்றுத்தாள்களைக் கிழித்து, அதில்தான் வாஷிங்டன் ‘கடிதங்கள்’ தயாரித்து விற்றார். தாளும் பழசு, போலியும் பழசு. லென்ஸில் கையொப்பத்தைப் பாருங்கள். இறகுப் பேனா அழுந்திய இடத்தில் மை அடர்த்தியாகவும் மற்ற இடத்தில் வெளிறியும் இருக்கும். முழுக்க ஒரே சீராக இருந்தால் அச்சு நகலாக இருக்கலாம்.

அப்புறம், அசலாகவே இருந்தாலும் திருட்டுப் பொருளாக இருக்கலாம். 1780-இல் ஹாமில்டன், அமெரிக்கா பக்கம் போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லாஃபயெட்டுக்கு எழுதிய கடிதம் மாசசூசெட்ஸ் மாநில ஆவணக் காப்பகத்திலிருந்து திருடு போனது. 2018-இல் ஏலத்துக்கு வந்தபோதுதான் பிடிபட்டது. குடும்பச் சொத்தாக வந்தது என்ற வாதம் எடுபடவில்லை. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மாநிலத்துக்கே என்றது. காப்பகங்கள் பல பத்தாண்டு தூங்கும், நஷ்டம் மட்டும் கடைசியாகக் கையில் வைத்திருப்பவருக்கு!

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்தில் தேதியையும் பெறுநர் பெயரையும் போட்டுத் தேடுங்கள், இலவசம்தான். அதே கடிதம் ஒரு காப்பகத்தில் இருப்பதாகக் காட்டினால் உடனே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கே இருப்பது வாஷிங்டன் தரப்பு வைத்துக்கொண்ட வரைவாக இருக்கலாம், உங்களுக்கு வந்திருப்பது அனுப்பிய பிரதியாக இருக்கலாம். வழியில் எதிரி பிடித்துவிடுவானோ என்று ஒரே கடிதத்தை இரண்டு பிரதி அனுப்பியதும் உண்டு. அதனால் அடிக்குறிப்பில் ‘வரைவு’ என்றிருக்கிறதா, ‘அனுப்பியது’ என்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அனுப்பிய பிரதியே காப்பகத்தில்தான் என்றால் அந்தக் காப்பகத்துக்கே எழுதிக் கேளுங்கள்.

தரகரிடம் முந்தைய விற்பனை ரசீதுகளையும், போலி என்றோ திருட்டு என்றோ தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் உறுதியும் கேளுங்கள். “இன்னொரு பார்ட்டி காத்திருக்கிறார்” என்று அவசரப்படுத்தினால், சரி, அவருக்கே கொடுக்கச் சொல்லுங்கள்.