மருந்து தெளிக்கும் விமானத்தில் விரிசல் தேடுவது ஏன், எப்படி?

வயலுக்கு மருந்து தெளிக்கும் சிறு விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் இறக்கையிலும் வாலிலும் அசையும் தகடுகள் இருக்கின்றன. அவற்றின் கீல், ரிவெட் துளை போன்ற இடங்களில்தான் பெரும்பாலும் விரிசல் தலைகாட்டும்.

காரணம் உலோகச் சோர்வு. எண்ணூர் சாலையில் ஓடும் கன்டெய்னர் லாரியின் மெயின் பிளேட் (பாரம் தாங்கும் வில் பட்டைகளில் முதன்மையானது) ஒரே பள்ளத்தில் உடைவதில்லை. வருடக்கணக்கில் வாங்கிய அடிதான் ஒரு நாள் அதை உடைக்கும். இந்த விமானமும் பாரத்தோடு ஏறி, தாழப் பறந்து, வயலின் கோடியில் சட்டென்று திரும்பி, மருந்து நிரப்ப இறங்கி, மறுபடி ஏறும். ஒரே நாளில் பல தடவை. போதாக்குறைக்கு உரமும் மருந்தும் அலுமினியத்தை அரிக்கும்.

முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். அழுக்கே விரிசலை மூடிவிடும். அப்புறம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் பெயின்டை நீக்கிச் சிவப்புச் சாயம் தடவி, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பூச்சு அடிப்பார்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் மெல்லிய சிவப்புக் கோடு கசிந்து வரும். மணலி பக்கம் வெல்டிங் சோதனை பார்த்தவர்களுக்கு இந்த ஸ்பிரே டப்பாக்கள் பழக்கமானவைதான். மேற்பரப்பில் வாய் திறக்காத விரிசலை இது காட்டாது; அதற்கு உலோகத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்டி விரிசலைக் கண்டுபிடிக்கும் சுழல் மின்னோட்டக் கருவி வேண்டும்.

விரிசலின் முனையில் ஓட்டை போட்டு, மேலே ஒட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டை விரிசலைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம், ஆனால் ஒட்டுப் போட்ட தகட்டின் எடைச் சமநிலை மாறினால் அது பறக்கும்போது படபடவென்று உதறும். அதனால் தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்காத இடத்தில் பாகத்தையே மாற்றிவிடுவார்கள்.