பெட்டியில் இருக்கிற காசெல்லாம் உங்கள் காசு இல்லை: திருகோணமலை சிறு வியாபாரிகளின் கணக்குக் கேள்விகள்

பலசரக்குக் கடை, தையல், கெஸ்ட் ஹவுஸ், கருவாட்டு வியாபாரம் என்று நம்ம ஊரில் சிறு தொழில் செய்கிறவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. கணக்கில் என்ன சந்தேகம் இருந்தாலும் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

உவர்மலை, பலசரக்குக் கடை: அக்கா, நாள் முழுக்க வியாபாரம் நல்லாத்தான் போகுது. ஆனா மொத்த வியாபாரிக்குக் கொடுக்கிற நாள் வந்தால் கையில் காசு இல்லை. எங்கே போகுதென்றே பிடிபடவில்லை.

தம்பி, பெரும்பாலும் அது வீட்டுக்குத்தான் போகிறது. பிள்ளையின் டியூஷன் காசு, மீன்காரனுக்கு, ஓட்டோவுக்கு, கோயில் திருவிழாவுக்கு என்று லாச்சியில் இருந்து அப்பப்ப எடுப்பது யாருக்கும் பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் லாச்சியில் இருக்கும் ஆயிரம் ரூபாவில் எண்ணூறு, எண்ணூற்றைம்பது சாமான் வாங்கிய காசு, அதாவது மொத்த வியாபாரிக்குச் சேர வேண்டியது. மிச்சத்தில்தான் கரண்ட் பில், கடை வாடகை எல்லாம் போய் உங்கள் பங்கு வரும்.

இரவு கடை பூட்டுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். காலையில் சில்லறைக்கு 5,000 ரூபா வைத்துத் திறந்தீர்கள். இரவு எண்ணினால் 38,400 இருக்கிறது. பகலில் பாண்காரருக்கும் மரக்கறிக்கும் 12,600 கொடுத்தீர்கள், வீட்டுக்கு 3,000 எடுத்தீர்கள். இருப்பு, கொடுத்தது, எடுத்தது மூன்றையும் கூட்டி, காலையில் வைத்த 5,000ஐக் கழித்தால் 49,000. அன்றைய காசு வியாபாரம் அதுதான், அதை அன்றைக்கே எழுத வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் அந்த 3,000 ஞாபகத்தில் இருக்காது, வியாபாரம் 46,000 என்று பதிவாகிவிடும், பிறகு மாதக் கடைசியில் எங்கே போனது என்று தேட வேண்டியதுதான்.

வீட்டுக்கு எடுப்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கடை நடத்துவதே வீட்டுக்காகத்தானே. ஆனால் வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வைத்து, சனிக்கிழமை அதை மொத்தமாக எடுத்து அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவிடுங்கள். கடையில் இருந்து எடுத்துப்போகும் பால்மா, சீனி, சவர்க்காரத்தையும் வாங்கிய விலைக்கு அதே பக்கத்தில் எழுதுங்கள். அநேகம் பேர் அதை எழுதுவதே இல்லை.

அதே ஊரில் இருந்து இன்னொருவர்: கடன் கொப்பி நிறையக் கடன். கேட்டால் ஆள் முறிந்துவிடும், கேட்காவிட்டால் கடை முறிந்துவிடும்.

அண்ணா, கடனே கொடுக்காமல் நம்ம ஊரில் கடை நடத்த முடியாது. கொடுக்கிற கடனுக்கு ஓர் அளவு வையுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மேலேயே "இவ்வளவுக்கு மேல் இல்லை" என்று ஒரு தொகையைக் குறித்து வைத்தால், பக்கத்தைக் காட்டிப் பேசலாம், முகம் முறியாது. மாதத்தில் ஒருநாள் கொப்பியைப் புரட்டி, ஒரு மாதத்துக்கு உட்பட்டது, மூன்று மாதம் வரை போனது, அதற்கும் பழையது என்று மூன்றாகப் பிரித்துக் கூட்டுங்கள். மூன்றாவது கூட்டுத்தொகையை "வரவேண்டிய காசு" என்று மனதில் வைத்துக்கொண்டு சாமானுக்கு ஓடர் கொடுக்காதீர்கள். சம்பளம் வருகிற வாரத்தில் கேட்பதும், முழுதாகக் கேட்காமல் "இந்த மாதம் இரண்டாயிரம் தாருங்கோ" என்று கேட்பதும் பலன் தரும்.

உப்புவெளி, கெஸ்ட் ஹவுஸ்: சீசனில் காசு குவியுது. மழைக்காலம் வந்தால் நகை அடகுக்குப் போகுது. ஒவ்வொரு வருஷமும் இதே கதை.

இந்தக் கேள்வி நிலாவெளியில் இருந்தும் வந்தது, குச்சவெளியில் இருந்தும் வந்தது. தங்கச்சி, நம்ம கடற்கரையில் மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான் முழுச் சம்பாத்தியம், ஏப்ரல் அரைகுறை. ஒக்டோபர் கடைசியில் வாடை தொடங்கிக் கடல் குழம்பினால் புறாத்தீவுக்குப் படகு ஓடாது, ஆட்களும் வரமாட்டார்கள். வருஷா வருஷம் நடப்பது, அதனால் சீசனிலேயே அதற்குக் காசு ஒதுக்க முடியும்.

முதலில் அறை ஒன்றுகூடப் போகாவிட்டாலும் கட்ட வேண்டிய செலவைக் கூட்டுங்கள். வேலைக்கு நிற்பவருக்கு 40,000, கரண்டும் தண்ணீரும் 15,000, வங்கித் தவணை 35,000 என்றால் மாதம் 90,000. ஒக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதத்துக்கு 540,000. அதை ஐந்து சீசன் மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 108,000. மே மாதம் முதல் அந்தத் தொகையை வேறொரு கணக்கில், ஏடிஎம் அட்டை எடுக்காத கணக்கில் போடுங்கள். போட்டபின் மிஞ்சுவதுதான் சீசன் வருமானம், புதுக் கட்டிலும் ஏசியும் அதில்தான் வாங்கலாம். உப்புக்காற்றில் ஏசியும் தகரமும் எவ்வளவு சீக்கிரம் போகும் என்று உங்களுக்கே தெரியும், ஆகவே திருத்த வேலைக்கும் கொஞ்சம் தனியாக வையுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். புக்கிங் தளத்தில் 10,000 ரூபாவுக்குப் போன அறைக்கு 15 வீதக் கமிஷன் போய் 8,500 கைக்கு வந்தால், பலர் 8,500 என்றே எழுதுகிறார்கள். வருமானம் 10,000, கமிஷன் செலவு 1,500 என்று இரண்டாக எழுதுங்கள். அந்த 1,500 வருஷத்தில் எவ்வளவாகத் திரள்கிறது என்று பார்த்தால்தான், நேரே போனில் கேட்கும் பழைய விருந்தாளிக்கு என்ன குறைத்துக் கொடுக்கலாம் என்று தெரியும். அப்புறம், முற்பணம். ஆள் வந்து தங்கும்வரை அது உங்கள் காசு இல்லை. அதில் பெயின்ட் வாங்கிவிட்டு, அவர் வரவில்லை என்று திருப்பிக் கேட்கும்போது தவிக்க வேண்டாம்.

கிண்ணியா, கருவாடு மொத்த வியாபாரம்: எல்லாரும் பிறகு வாற திகதி போட்ட செக்தான் தாறாங்க. நானும் போட் முதலாளிமாருக்குச் செக்தான் குடுக்கிறன். இரண்டு செக் திரும்பினால் நான் விழுந்துடுவன்.

நானா, உங்கள் தொழிலில் கணக்கைவிட நாட்காட்டி முக்கியம். வந்த செக்கை வியாபாரமாக எழுதலாம், காசாக எழுதக்கூடாது. தனிக் கொப்பியில் ஆள், வங்கி, செக் இலக்கம், திகதி, தொகை, மாறியதா திரும்பியதா என்று வரிசையாக எழுதுங்கள். நீங்கள் கொடுத்த செக்குகளை எதிர்ப்பக்கத்தில் திகதிப்படி எழுதுங்கள். இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்தால் எந்த வாரத்தில் இடிக்கும் என்று ஒரு மாதம் முன்பே தெரியும். 15ஆம் திகதி வரவேண்டிய செக்கை நம்பி 15ஆம் திகதிக்கே செக் எழுதாதீர்கள், குறைந்தது ஒரு வாரம் தள்ளி எழுதுங்கள். வங்கிக் கூற்று வந்ததும் ஒவ்வொரு வரியையும் கொப்பியோடு ஒப்பிட்டு டிக் போடுங்கள். ஒருமுறை செக் திரும்பியவரிடம் அடுத்த தடவை பாதியைக் காசாகக் கேட்பதில் தவறே இல்லை.

சாம்பல்தீவு, தையல்: சீட்டு எடுத்துப் புது மெஷின் வாங்கினேன். சீட்டுக்காசை வருமானத்தில் எழுதவா, மாதாமாதம் கட்டுவதைச் செலவில் எழுதவா?

இரண்டும் இல்லை, தங்கச்சி. நீங்கள் முன்கூட்டியே எடுத்த சீட்டு கடன் மாதிரி. கட்டக் கட்ட அது குறையும், அவ்வளவுதான். சீட்டை முந்தி எடுக்க நீங்கள் விட்டுக்கொடுத்த கழிவு மட்டும் செலவு. மெஷினையும் வாங்கிய மாதச் செலவில் முழுதாகப் போட வேண்டாம், ஐந்து வருஷம் ஓடும் என்றால் ஐந்தாகப் பிரித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த மாதம் பெரிய நட்டம் போலவும் மற்ற மாதங்கள் பெரிய இலாபம் போலவும் தெரியும். நகை அடகும் இப்படித்தான், வட்டி மட்டும் தொழில் செலவு. ஸ்கூல் உடுப்புத் தைக்கிற காலத்தில் துணி வாங்க அடகு வைத்தால், அந்த உடுப்புக் காசு வந்தவுடன் மீட்டுவிட வேண்டும்.

அனுராதபுரச் சந்தி, மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம்: பழைய விலைக்கு வாங்கின சாமானைப் புது விலைக்கு விற்பது நியாயமா?

அண்ணா, நியாயம்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்கு வந்தது. பழைய விலைக்கே விற்ற கடைக்காரர்கள் கொப்பியில் இலாபம் கண்டார்கள், ஆனால் விற்ற காசுக்கு அதே சாமானில் பாதியைத்தான் திரும்ப வாங்க முடிந்தது. திரும்ப வாங்க என்ன விலை என்று பார்த்துத்தான் விலை போட வேண்டும்.

பலர் கேட்டது: எங்கள் மாதிரிச் சின்னக் கடைக்கும் வருமான வரி உண்டா?

வரி விற்பனைக்கு இல்லை, இலாபத்துக்கு. கணக்கு வருஷம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 2025 ஏப்ரலில் இருந்து தனிநபருக்கு ஆண்டுக்கு 1,800,000 ரூபா விலக்கு உண்டு, அதற்கு மேல் முதல் பத்து இலட்சத்துக்கு 6 வீதம். இலாபம் 2,100,000 என்றால் 300,000க்கு 18,000 ரூபா. வீட்டுக்கு எடுத்த காசைச் செலவாகக் கழிக்க முடியாது. வருமான அறிக்கை நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போக வேண்டும். பில், கொப்பி, வங்கிக் கூற்று எல்லாவற்றையும் ஐந்து வருஷம் வைத்திருங்கள். வெயிலில் எழுத்து மங்கும் பில்லைப் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

மட்கோ, பேக்கரி: ஒரே ஒரு பெடியன்தான் வேலைக்கு. இபிஎப் கட்டணுமா?

ஒருவர் என்றாலும் இபிஎப், அதாவது ஊழியர் சேமலாப நிதி, கட்ட வேண்டும். 40,000 சம்பளம் என்றால் அவரிடம் 8 வீதம் 3,200 பிடித்து, உங்கள் பங்கு 12 வீதம் 4,800 சேர்த்து அனுப்ப வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் 1,200 தனி, அதுவும் உங்கள் கைக்காசுதான். ஆகவே அவர் உங்களுக்கு மாதம் 46,000. பாண், பணிஸ் விலை போடும்போது இந்தத் தொகையைத்தான் பிடிக்க வேண்டும். அவரிடம் பிடித்த 3,200 பெட்டியில் கிடந்தாலும் அது அவருடையது, அதை எடுத்து மாவு வாங்கக்கூடாது.

மூதூர்: கொப்பியா, போன் அப்பா? பாங்க் லோன் கேட்டால் எது எடுபடும்?

எழுதுகிற கை எதற்குப் பழகியதோ அது. வங்கி உங்கள் கொப்பியைவிடக் கணக்கில் காசு வந்துபோன விதத்தையும் நீங்கள் முன்பு எடுத்த கடன்களை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் கிரிப் அறிக்கையையும்தான் பார்க்கும். லோன் கேட்கிற எண்ணம் இருந்தால் இன்றைக்கிருந்தே விற்ற காசை முழுதாக வைப்பிலிட்டு, கொடுப்பனவுகளை அங்கிருந்து எடுங்கள். லீசிங் தவணை ஏதாவது பிந்தியிருந்தால் அதை முதலில் கட்டி முடியுங்கள்.