மன்றக் கூட்டத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

இலங்கை தேசிய கிறிஸ்தவ மன்றக் கூட்டத்துக்குப் போகும் உங்கள் சபையார் இருவரும் வாய் திறக்காமல் திரும்பிவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். பலர் பிரேரணைத் தாளை, அதாவது கூட்டத்தில் முடிவுக்கு வரும் முன்மொழிவுகள் அடங்கிய தாளை, பஸ்ஸில்தான் பிரிக்கிறார்கள், அதுதான் வினை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேநீரோடு ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். முதலில் கூட்டத்துக்கு வரும் கணக்கறிக்கையைப் படித்து, புரியாத வரியைப் பென்சிலால் வட்டமிடட்டும். நான் வெள்ளவத்தையிலிருந்து ஒரு சபைக் கூட்டத்துக்குப் போன முதல் வருடம், ஒரு பிரேரணையில் நாம் சொல்லும் திருத்தத்தை ஆமோதிக்க, அதாவது ஆதரித்து வழிமொழிய, இன்னொருவர் வேண்டும் என்பதே தெரியாமல் எழுந்து, அசடு வழிய உட்கார்ந்தேன். பிரேரிப்பதையும் ஆமோதிப்பதையும் ஒருமுறை நடித்தே பாருங்கள்.

அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட் என்று பல சபையார் வருவார்கள். பேச்சு சிங்களம், ஆங்கிலம் என்று தாவும். அதனால், தமிழ் மொழிபெயர்ப்பு உண்டா என்று செயலாளரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.