ஊழியப் பயணமும் பகல் நேரத்து வேலையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். சென்ற ஆண்டு எங்கள் சபை வாலிபர் குழுவோடு பத்து நாள் மிஷன் பயணம் போனேன். எனக்குக் கிடைத்தது சமையலறை உதவியும், பள்ளிக் கட்டடத்துக்கு வர்ணம் அடிப்பதும். மாலை ஆராதனையில் தேவ பிரசன்னத்தை நன்றாக உணர்ந்தேன். பகலில் ஒன்றுமே இல்லை, வேலை மட்டும்தான். இரவு சாட்சி நேரத்தில் மற்றவர்கள் ‘இன்று ஆண்டவர் என்னோடு இடைப்பட்டார்’ என்று சொல்வார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். வேலைக்கு நடுவில் அவரை உணர வழி உண்டா? திரும்பி வந்ததும் சபையில் சாட்சி சொல்லச் சொல்வார்கள். என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

லூக்கா 24-ஐ மெதுவாக ஒருமுறை வாசியுங்கள். எம்மா ஊருக்குப் போன சீடர் இருவரும் வழிநெடுக, உயிர்த்தெழுந்த இயேசுவோடு நடந்தார்கள், பேசினார்கள், வேதவாக்கியங்களுக்கு விளக்கமும் கேட்டார்கள். ஆனாலும் அவர் யாரென்று தெரியவில்லை. பந்தியில் அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறந்தது. வழியில் தங்கள் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்ததுகூட அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. பெத்தேலில் யாக்கோபும் தூங்கி விழித்த பின்புதான் கர்த்தர் அங்கே இருந்ததை அறிந்தான். வேலை நேரத்தில் உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதால் அவர் அங்கே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அன்றாட வேலைக்குள் அவர் இருந்தது பெரும்பாலும் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியவரும். அப்படித் திரும்பிப் பார்க்க நேரம் வேண்டும். பெரும்பாலான பயணத் திட்டங்களில் அதற்குத்தான் இடம் இருப்பதில்லை.

அதனால் முதல் வேலையாக உங்கள் குழுத் தலைவரிடம் கால் மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அது சாட்சி நேரத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். நாலு பேர் சாட்சியைக் கேட்டுவிட்டால் நம் நினைவும் அவர்கள் சொன்ன மாதிரியே வளைந்துகொள்ளும். நம்முடைய நாளில் உண்மையில் நடந்தது காணாமல் போய்விடும். அந்தக் கால் மணி நேரத்தில் என்ன செய்வது என்பதற்கு 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவியரின் நிறுவனர் இஞ்ஞாசியார் வகுத்துக் கொடுத்த ஆத்தும சோதனை, அதாவது நாளைத் திரும்பிப் பார்க்கும் ஜெபம், இன்றும் போதுமானது. முதலில் நன்றி. அடுத்து, அன்றைய நாளைச் சரியாகப் பார்க்கத் தேவனிடம் வெளிச்சம் கேட்பது. பிறகு காலையிலிருந்து மணிக்கு மணி நடந்ததை ஓட்டிப் பார்ப்பது. தவறியதற்கு மன்னிப்பு. கடைசியில் நாளைக்கு ஒரு தீர்மானம்.

சொல்வதற்கு எளிது. ஆனால் இரண்டு இடத்தில் தடுக்கும். நன்றியை ‘எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்’ என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவோம். அப்படி முடித்தால் கண்ணில் ஒன்றும் படாது. காலை பத்து மணிக்கு ஏணியை யார் பிடித்துக்கொண்டார்கள், தண்ணீர் தீர்ந்தபோது கேட்காமலே குடம் தூக்கி வந்தது யார் என்கிற அளவுக்கு இறங்கிச் சொல்லுங்கள். இன்னொன்று, நேரே பாவ அறிக்கைக்குத் தாவிவிடுவது. களைத்த உடம்போடு அதைச் செய்தால் தன்னைத் தானே திட்டிக்கொள்வதில்தான் போய் முடியும். மூன்றாவது படியிலேயே பாதி நேரத்தைச் செலவழியுங்கள். எங்கே மனம் இளகியது, எங்கே இறுகியது, யாரைப் பார்த்தும் பார்க்காமல் கடந்து போனேன் என்று கேட்டு, மூன்று வரி எழுதி வையுங்கள். காகித நோட்டு நல்லது. போனில் எழுதப் போனால் செய்திகளில் போய் நிற்போம்.

பகலுக்கு ஒரு குறுஞ்ஜெபம் போதும். ‘தேவனே, எனக்கு உதவ விரைந்து வாரும்’ என்ற பொருளில் 70-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. அந்த ஒரு வசனத்தையே நாள் முழுக்க, எந்த வேலையிலும் சொல்லும்படி பழைய துறவிகள் பழகியிருந்ததை 5-ஆம் நூற்றாண்டில் யோவான் கசியான் என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். ‘அடிக்கடி ஜெபிப்பேன்’ என்று தீர்மானித்தால் மதியத்துக்குள் மறந்துவிடும். கை செய்கிற ஏதாவது ஒரு செயலோடு அதைக் கட்டிவிடுங்கள். வர்ணம் அடிக்கும்போது ரோலரைத் தட்டில் தோய்க்கிற ஒவ்வொரு முறையும், சமையலறையில் ஒரு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கிற ஒவ்வொரு முறையும் சொல்லலாம். இரண்டு செயலுக்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் அது வெறும் உதட்டுச் சொல்லாகிவிடும், சில நேரம் அரைமணி நேரம் முழுசாக மறந்தே போகும். அப்போது உங்களை நொந்துகொள்ளாமல் மறுபடி தொடங்குங்கள். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் துறவியர் மடத்துச் சமையலறையில் பல ஆண்டுகள் உழைத்த சகோதரர் லாரன்ஸ் செய்ததும் இதைத்தான். அவருக்கு அடுப்படி வேலை இயல்பிலேயே பிடிக்காது. முதல் பத்து ஆண்டுகள் மிகவும் தவித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பத்து நாள் பயணத்தில் உங்களுக்கு அது கைகூடவில்லை என்று வருந்துகிறீர்களே!

வீடு சந்திப்புக்கும் உங்களை அழைத்துப் போவார்கள். அங்கே மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேச வேண்டியிருந்தால், அது நல்ல வாய்ப்பு. நீங்கள் ஒரு வாக்கியம் பேசி நிறுத்துகிறீர்கள். அவர் அதை மொழிபெயர்க்கிறார். ஆக, பேச்சு நேரத்தில் ஏறக்குறைய பாதி உங்களுக்கு மௌனம். பலரும் அந்த இடைவெளியில் அடுத்த வாக்கியத்தைத் தேடுவார்கள், அல்லது மொழிபெயர்ப்பாளரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கேட்கிறவரின் முகத்தைப் பாருங்கள். உங்கள் வாக்கியம் அவரை வந்தடைகிற அந்தக் கணத்தில் புருவம் சுருங்குகிறதா, கண் கலங்குகிறதா, மரியாதைக்காகச் சிரிக்கிறாரா என்பது தெரியும். மனதுக்குள் அவருக்காக ஜெபியுங்கள். தேவைப்பட்டால் தயாரித்து வைத்ததை விட்டுவிட்டு, அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். வாக்கியம் சிறிதாக இருக்கட்டும். மூன்று வாக்கியத்தைச் சேர்த்துச் சொன்னால் மொழிபெயர்ப்பவர் சுருக்கிவிடுவார், கேட்கிறவரும் உங்கள் கையைவிட்டுப் போய்விடுவார்.

இதில் இன்னும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நாம் ஆண்டவரைச் சுமந்துகொண்டு ஓர் ஊருக்குப் போகவில்லை. அவர் நமக்கு முன்பே அங்கே இருக்கிறார். பிலிப்பைன்ஸின் லானாவோ பகுதியில், இஸ்லாமியரான மரானாவோ மக்களிடையே ஊழியம் செய்த ஃபிராங்க் லாபாக் 1930-இல் எழுதிய கடிதங்கள் இதற்குச் சாட்சி. ஒவ்வொரு கணமும் தேவனை நினைப்பது என்று முயன்றுகொண்டிருந்தவர் அவர். ஊழியம் ஒன்றும் பலிக்காமல் ஒரு மாலை அங்கிருந்த குன்றில் உட்கார்ந்து ஜெபித்தபோது, அந்த மக்களைவிட உயர்ந்தவன் என்ற எண்ணம் தனக்குள் இருப்பதை உணர்ந்தார். இறங்கி வந்து, அவர்களுடைய வேதமான குர்ஆனைத் தனக்குக் கற்றுத்தரும்படி கேட்டார். கற்பிக்க வந்தவர் கற்கிறவராக உட்கார்ந்த பிறகுதான் அந்த மக்களோடு உறவு பிறந்தது. அவர் பெயரை உலகம் அறியச் செய்த எழுத்தறிவுப் பணியும் அங்கேதான் தொடங்கியது. பள்ளியில் உங்களோடு வர்ணம் அடிக்கப் போகிற உள்ளூர்க்காரரிடம் சுவரை எப்படித் தேய்ப்பது என்று கேளுங்கள். சமையலறையில் அங்குள்ள அக்கா சொல்கிறபடி செய்யுங்கள். யாக்கோபின் கிணற்றருகே களைத்துப்போய் உட்கார்ந்த இயேசு முதலில் கேட்டது தண்ணீர்.

தூக்கத்தைக் குறைக்காதீர்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னான். தேவனுடைய மெல்லிய சத்தத்தை எலியா கேட்டது அதற்கு அப்புறம், நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பின்பு. நள்ளிரவு வரை பாட்டும் சாட்சியும், விடியற்காலையில் ஜெபமும் என்று ஓடுகிற குழுவில் மூன்றாம் நாளே எரிச்சல் தொடங்கிவிடும். கண்ணீரும் சீக்கிரம் வரும். களைப்பில் வருகிற கண்ணீரை எல்லாம் பிரசன்னம் என்று எண்ணிவிடக் கூடாது. மாலை ஆராதனையில் நீங்கள் உணர்ந்ததை நான் சந்தேகிக்கவில்லை. அது மறுநாள் காலை சமையலறையில் பொறுமையாகவும் தயவாகவும் வெளிப்பட்டதா என்று, ஆவியின் கனியைப் பற்றிச் சொல்கிற கலாத்தியர் 5:22-ஐ வைத்துப் பாருங்கள்.

இரவில் சொல்ல ஒன்றும் இல்லை என்றால், ‘இன்று நன்றி மட்டும்’ என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். நீங்கள் ஒருவர் அப்படிச் சொன்னால், ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று தவிக்கிற இன்னும் இரண்டு பேருக்கு விடுதலை கிடைக்கும். ஊர் திரும்பியதும் சபையில் மூன்று நிமிடம் போதும். நோட்டிலிருந்து ஒரு வேலை, அதில் நீங்கள் கற்றுக்கொண்ட ஒரு காரியம், அந்த ஊருக்காகத் தொடர்ந்து ஜெபிக்க ஒரு விண்ணப்பம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். அங்குள்ளவர்களின் வறுமையை விவரிக்க வேண்டாம். அவர்கள் சம்மதம் கேட்டு எடுத்த படத்தை மட்டும் திரையில் போடுங்கள். அவர்களே அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் எதையெல்லாம் சொல்லத் தயங்குவீர்களோ, அதை விட்டுவிடுங்கள்.

அன்புடன்.