மூங்கில் பிரஷ் இருக்கட்டும், முதலில் ஈரக்குப்பையைப் பாருங்கள்

கேள்வி: வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். நான், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், அத்தை என ஐந்து பேர். சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் செய்யாமல் வாழ வேண்டும் என்ற ஆசையில் மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, துணிப்பைகள் எல்லாம் வாங்கினேன். அடுத்து பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடி ஜாடிகள் வாங்கலாம் என்று இருக்கிறேன். பால்கனியில் உரம் போட்டுப் பார்த்தேன், நாற்றமும் புழுவும் வந்து, அத்தை சத்தம் போட்டு, நின்றுபோனது. அத்தை பால் கவரைக்கூடக் கழுவிச் சேர்த்து வைத்து வீட்டை அடைக்கிறார், அதில் ஒரு சண்டை. "நாம ஒரு வீடு மாறி என்ன ஆகப்போகுது" என்கிறார் கணவர். உண்மையிலேயே பலன் தரும் மாற்றங்களைச் சொல்லுங்கள். பழைய ஃபிரிட்ஜை மாற்றலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தோழி, அந்தக் கண்ணாடி ஜாடிகளை ஆர்டர் போடாதீர்கள். போட்டிருந்தால் இன்றே ரத்து செய்துவிடுங்கள். உங்கள் பிளாஸ்டிக் டப்பாக்கள் ஏற்கெனவே செய்யப்பட்டு, பணம் கொடுத்து வாங்கப்பட்டு, வீட்டுக்கு வந்துவிட்டவை, அவற்றால் வரவேண்டிய கெடுதலில் பெரும்பகுதி வந்து முடிந்தது. இப்போது தூக்கிப் போட்டால் அவை குப்பைமேட்டுக்குப் போகும், புது ஜாடிக்காக எங்கோ ஒரு கண்ணாடி உலை எரியும், இரண்டு பக்கமும் நஷ்டம். சூடான குழம்பையும் எண்ணெயையும் மட்டும் அவற்றில் ஊற்றாதீர்கள். பருப்பு, கடலை, காய்ந்த மிளகாய் என்று காய்ந்த சாமான்களைப் போட்டு, உடையும்வரை வைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் பிரஷும் ஸ்டீல் ஸ்ட்ராவும் தப்பில்லை, வாங்கியதைப் பயன்படுத்துங்கள், ஆனால் ஸ்ட்ரா இல்லாமலே இளநீர் குடிக்கத் தெரிந்தவர்கள் நாம். "பசுமை" என்று பெயர் போட்டு விற்கிற பொருளை வாங்குவதில் இந்த விஷயம் தொடங்குவதில்லை. வீட்டிலிருந்து தினமும் எது வெளியே போகிறது, எது நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது, இந்த இரண்டையும் பார்த்தால் போதும், மீதி தானாகப் புரியும்.

வெளியே போவதில் பெரியது ஈரக்குப்பை. ஐந்து பேர் சமைத்துச் சாப்பிடும் வீட்டில் காய்த் தோல், டீத்தூள் சக்கை, மிச்சம் மீதி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு கிலோ வரைகூட வரும், மொத்தக் குப்பையின் எடையில் ஏறக்குறைய பாதி அதுதான். இதைக் கவரில் கட்டி, பிளாஸ்டிக்கோடு சேர்த்துப் போட்டால் அது எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், வேளச்சேரியிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. பெருங்குடி குப்பைக்கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்பு நிலம் அது, தென்சென்னையின் மழைநீர் வடிந்து இறங்கவேண்டிய இடம், அதில் பெரும்பகுதி கட்டடமாகவும் குப்பைமேடாகவும் மாறிவிட்டது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். காற்றுப் புகாமல் குவியலுக்குள் அழுகும் காய்த் தோலிலிருந்து மீத்தேன் வருகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும், போதாததற்கு எளிதில் தீப்பற்றும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்தது நினைவிருக்கிறதா? அந்தப் புகை உங்கள் பிள்ளைகளின் நுரையீரலுக்குள்ளும்தான் போயிருக்கும். அதனால்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்கிறேன்.

சரி, உரம் ஏன் நாறியது? அநேகமாகக் காய்ந்த சரக்கைப் போடாமல் ஈரத்தை மட்டுமே போட்டிருப்பீர்கள். காய்த் தோலில் பெரும்பங்கு தண்ணீர், அது மட்டும் வாளியில் குவிந்தால் காற்று உள்ளே போக வழியில்லை, காற்றில்லாமல் அழுகுவதுதான் நாறும். ஒவ்வொரு முறை ஈரக்குப்பை போடும்போதும் அதே அளவோ இன்னும் கொஞ்சம் கூடவோ காய்ந்ததைப் போடவேண்டும். நர்சரியில் கிடைக்கும் தென்னை நார்த் தூள் போதும், அதுவும் வேண்டாம் என்றால் உங்கள் குடியிருப்பு வாசலில் கூட்டிக் குவிக்கிற வேப்பிலை, வாதாம் இலைச் சருகை ஒரு சாக்கு கேட்டு வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது அதைக் கொளுத்தத்தான் போகிறார்கள். பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு எடுத்து, பக்கவாட்டிலும் அடியிலும் துளை போட்டு, கீழே ஒரு தட்டு வைத்து, முதல் அடுக்காக மூன்று விரல் உயரம் சருகு போடுங்கள். காய்த் தோலைக் கொஞ்சம் சின்னதாக நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்கும். புளித்த மோரை நீர்க்கக் கரைத்து வாரம் ஒருமுறை ஒரு கை தெளியுங்கள், அதிலுள்ள நுண்ணுயிர்கள் மக்க வைக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிடவேண்டும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள், விரலிடுக்கில் ஈரம் கசியலாம், தண்ணீர் சொட்டக்கூடாது. சொட்டினால் சருகு. நாறினால் சருகு. வெள்ளைப் புழு தென்பட்டாலும் சருகுதான், அந்தப் புழுக்கள் பெரும்பாலும் ஒருவகை ஈயின் குஞ்சுகள், கடிக்காது, உரத்தையும் கெடுக்காது, ஈரம் கூடிப்போனதைச் சொல்ல வந்தவை. மீன் முள், எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு, நிறைய தயிர்சாதம் எல்லாம் கை பழகும்வரை வேண்டாம். எலுமிச்சைத் தோலும் அளவோடு. முதல் வாளி நிறைந்ததும் மூடி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள், அதுவும் சீக்கிரம் நிறைந்துவிட்டால் இன்னொரு வாளி சேர்த்துக்கொள்ளுங்கள், மூடி வைத்தது மண்வாசனையோடு கறுத்து உதிரும். நம் ஊர் வெயிலில் ஒன்றரை, இரண்டு மாதம் போதும்.

இதை அத்தையிடம் ஒப்படைக்க முடியுமா என்று பாருங்கள். "நீங்களே சொல்லுங்கத்த, இதுல மோர் எவ்வளவு விடலாம்?" என்று கேட்டுத் தொடங்கினால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். பால்கனியில் அவர் துணி காயப்போடும் இடத்தை விட்டு, எதிர் மூலையில் வாளியை வையுங்கள். உரம் வந்ததும் முதலில் அவர் கேட்கிற செடிக்குப் போடுங்கள், கறிவேப்பிலையோ துளசியோ. அதற்கும் மேலாக ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வீட்டில் இதுவரை நடந்திருப்பவற்றில் உருப்படியான வேலை அத்தை பால் கவரைக் கழுவிச் சேர்ப்பதுதான். பால் கவர் ஒரே வகை பிளாஸ்டிக்கில் செய்தது, கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார், மறுசுழற்சிக்குப் போகும். கழுவாத கவர் புளித்து நாறுவதால் அதை யாரும் தொடுவதில்லை. முனையை வெட்டும்போது அந்தத் துண்டு தனியே விழாமல் கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள், அந்தச் சின்னத் துண்டைப் பொறுக்க ஆளில்லை, நேரே சாக்கடைக்குப் போகும். வீடு அடைகிறது என்ற உங்கள் குறையும் நியாயம்தான், மாதம் ஒருநாள் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே போல உள்ளே பளபளவென்று இருக்கும் பல அடுக்கு கவர்களைப் பழைய பொருள் கடையில் பொதுவாக வாங்கமாட்டார்கள், ஆகவே அதை வீட்டுக்கு வரவிடாமல் பார்ப்பதுதான் வழி. சாஷேக்குப் பதில் பெரிய பாட்டில், சின்னச் சின்ன பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் பேக்கரியில் டப்பா கொடுத்து வாங்குவது, இப்படி. நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள், அதைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளரும் ஒரு மனிதர்தான்.

துணிப்பை இனி வாங்கவேண்டாம். 2019 ஜனவரி 1இல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கமும் வந்தது, எல்லார் வீட்டிலும் பை நிறைந்துவிட்டது, ஆனாலும் கடைக்குப் போகும்போது கையில் இருப்பதில்லை. பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் மருந்தும் நிறையச் செலவாகிறது, நூற்றுக்கணக்கான முறை எடுத்துப் போனால்தான் ஒரு பைக்கு அது ஈடாகும். இரண்டு பையை வண்டி டிக்கியில் போடுங்கள், ஒன்றைக் கணவரின் ஆபீஸ் பையில் மடித்து வையுங்கள், முடிந்தது.

அடுத்தது சாப்பாடு, இதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. நெல் வயலில் தண்ணீர் நிற்கும்போதே மண்ணிலிருந்து மீத்தேன் வருகிறது. அந்த அரிசியை வாங்கி, கேஸ் எரித்து வடித்து, மிஞ்சி, குப்பையில் கொட்டினால் கிடங்கில் போய் இன்னொரு முறை மீத்தேன். வீணாகும் ஒரு பிடி சோற்றுக்கு இரண்டு முனையிலும் கேடு. பிள்ளைகளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் மறுபடி போடுங்கள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழைய சோறு, அத்தை இருக்கும் வீட்டுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறவைத்தால் குக்கர் விசில் பாதியாகக் குறையும், கேஸும் மிச்சம்.

நாள் முழுக்க ஓடுவதில் முதலிடம் மின்விசிறிக்கு. சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்கிற, மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் வைத்த ஃபேன் 28 முதல் 35 வாட். ஒரு ஃபேன் தினமும் 15 மணி நேரம் ஓடினால் நாளைக்கு 0.6 யூனிட், இரண்டு மாத பில்லில் சுமார் 36 யூனிட் மிச்சம், மூன்று ஃபேன் என்றால் நூறைத் தாண்டும். 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கட்டண விகிதமே ஏறுவதால் கணவருக்கு இந்தக் கணக்கு பிடிக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், அதிகம் ஓடும் ஹால் ஃபேனை முதலில் மாற்றுங்கள், மற்றவை பழுதாகும்போது பார்த்துக்கொள்ளலாம். பெட்டி மாதிரி பெரிய பழைய ரெகுலேட்டர் இருந்தால் உடனே மாற்றுங்கள், அது வேகத்தைக் குறைக்குமே தவிர மின்சாரத்தைப் பெரிதாக மிச்சப்படுத்தாது, வெப்பமாக வீணடிக்கும். ஏசியில் ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 26இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள், ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுங்கள். சென்னையில் கீசர் தேவைப்படுவது மார்கழிக் காலையில்தான், மற்ற மாதங்களில் பிளக்கைப் பிடுங்கிவிடலாம்.

தண்ணீரில் ஆர்ஓ இயந்திரத்தைக் கவனியுங்கள். ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும் இயந்திரம் அது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கி மெட்ரோ தண்ணீரையும் போர் தண்ணீரையும் தனித்தனியாகப் பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், உப்பைக் குறைக்க ஆர்ஓ தேவையில்லை, காய்ச்சியோ, புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யுவி கருவி வழியாகவோ குடிக்கலாம். மேலே இருந்தால் ஆர்ஓ வேண்டியதுதான், ஆனால் அந்தக் கழிவுக் குழாயை ஒரு வாளிக்குள் விடுங்கள், வீடு துடைக்க, கழிவறையில் ஊற்ற, பாத்திரத்தின் முதல் அலசலுக்கு ஆகும். செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் மட்டும் மண்ணில் உப்பு ஏறும். ஃபிளஷ் தொட்டி பழைய மாடல் என்றால் தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை உள்ளே, மிதவையில் இடிக்காமல் நிறுத்துங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். 2019இல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது.

கணவரின் கேள்விக்கு வருகிறேன். ஒரு வீடு மாறினால் பூமி குளிர்ந்துவிடாது, அதை மறைக்கவேண்டியதில்லை. மாநகராட்சி வண்டியில் எல்லாக் குப்பையையும் ஒன்றாகக் கலந்தால் நாம் பிரித்து என்ன பலன் என்றுகூட அவர் கேட்கலாம், ஆனால் பால்கனியில் உரமாகிவிட்ட காய்த் தோலை எந்த வண்டியாலும் கலக்க முடியாது, ஒரு வருடத்தில் சில நூறு கிலோ பெருங்குடிக்குப் போகாமல் நிற்கும். பிறகு அவரிடமே ஒரு பொறுப்பைக் கொடுங்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கிணற்றையும் மழைநீர்த் தொட்டியையும் தூர்வாருவது பற்றி அவர் பேசட்டும். 2003இலேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது, எத்தனையோ கட்டடங்களில் குழாய் மட்டும் இருக்கிறது, தொட்டிக்குள் மண்ணும் சருகும் அடைத்துக் கிடக்கிறது. செப்டம்பருக்குள் அதைச் சுத்தம் செய்தால் வடகிழக்குப் பருவமழை நிலத்துக்குள் இறங்கும். இது தனி ஒரு வீட்டால் ஆகாத வேலை.

கடைசியாக ஃபிரிட்ஜ். நன்றாக ஓடுகிறது என்றால் மாற்றாதீர்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், பின்பக்கக் கம்பிவலையில் தூசியிருந்தால் துடையுங்கள், ஆறாத குழம்பை உள்ளே வைக்காதீர்கள். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்து, ரிப்பேர் செலவும் கூடிக்கொண்டே போனால் மட்டும் புதிது வாங்குங்கள், ஸ்டார் முத்திரையில் ஆண்டு யூனிட் எவ்வளவு என்று போட்டிருக்கும், அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பழையதைக் காயலான் கடையில் போடவேண்டாம். அங்கே செம்புக்காகக் குழாயை வெட்டுவார்கள், உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயு அப்படியே காற்றில் போய்விடும். பழைய ஃபிரிட்ஜ் பலவற்றில் இருக்கும் ஆர்134ஏ வாயு கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிப்பது. அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்துக்கோ, தயாரிப்பாளரின் திரும்பப் பெறும் திட்டத்துக்கோ கொடுத்து, வாயுவை உறிஞ்சி எடுப்பார்களா என்று வாய்விட்டுக் கேட்டு, ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.