சாப்பாட்டுக்குப் பின்

வணக்கம் ஐயா,

அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்து வழங்கும் ஜன்னலில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். ‘இது சாப்பாட்டுக்கு முன், இது சாப்பாட்டுக்குப் பின்’ என்று முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுப்பவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. போன வாரம் ஒரு நாள், மதியம் இரண்டரை மணி, நான் இன்னும் சாப்பிடவில்லை, ஒரு பாட்டி அதே கேள்வியை மூன்றாவது முறையாகக் கேட்டார். ‘காது கேட்காதா உங்களுக்கு?’ என்று கத்திவிட்டேன். ‘சரி தாயி’ என்று சொல்லி, மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். இரவில் விழிப்பு வந்தால் அந்த முகம்தான். ‘நீயெல்லாம் ஒரு மனுஷியா’ என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். உடன் வேலை செய்பவரோ, ‘இரக்கம் காட்டினால் தலையில் மிளகாய் அரைப்பார்கள், இனியாவது கறாராக இருங்கள்’ என்கிறார். இத்தனை வருடமாக நான் காட்டியது அன்புதானா, வெறும் பழக்கமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

‘நான் இன்னும் சாப்பிடவில்லை’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். காலையிலிருந்து ஊருக்கெல்லாம் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இரண்டரை மணிவரை பட்டினி. பசியின் கணக்கில் எழுத வேண்டியதைக் குணத்தின் கணக்கில் எழுதிக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கிறீர்கள். கத்தியது தப்புத்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பதினோரு வருடத்தை ஒரு மதியத்துக்கு அடமானம் வைக்கிற அளவு தப்பில்லை. (இதை எழுதுகிறவன் பெரிய பொறுமைசாலி என்று நினைத்துவிடாதீர்கள். என் வீட்டில் விசாரித்தால் வேறு கதை சொல்வார்கள்.)

எங்கள் ஊர்ப் பக்கம் பழைய சாலையோரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு பலகைக் கல். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுகிற வழக்கம் அது. இறக்கி வைக்க முடியாமல் போன ஒருத்தியின் பேரில், மற்றவர்கள் இறக்கி வைக்க ஓர் இடம். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர் பிறர் கை வேண்டாமல் சுமையை அதன்மேல் சரிக்கலாம், இளைப்பாறிவிட்டுத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொள்ளலாம். அந்த உயரத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. தரையில் வைத்துவிட்டால் தூக்கிவிட ஆள் வேண்டுமே. கல்லை நட்டவர் வழிப்போக்கர் யாரையும் பார்த்ததில்லை. ஒருவர் எந்த உயரத்தில் தவிப்பார் என்று மட்டும் அளந்து பார்த்திருக்கிறார். இப்போது சாலையை மேடாக்கி மேடாக்கி அந்தக் கல் முழங்காலளவுக்கு வந்துவிட்டது. பையன்கள் அதன்மேல் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கிறார்கள்.

அன்பா, பழக்கமா என்று கேட்டீர்கள். பழக்கம் என்றால் ஏன் மட்டமாகப் போய்விட்டது? கல்லுக்கு என்ன உணர்ச்சி இருக்கிறது, அது இருந்த இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். உள்ளம் உருகினால்தான் இரக்கம் என்று வைத்துக்கொண்டால், உருகாத நாளில் வரிசையில் நிற்பவர் கதி என்ன? மூன்றாம் முறை கேட்ட பாட்டிக்குக் காது கேட்டிருக்கும். வீட்டில் படித்துச் சொல்ல ஆளில்லாமல், வழியில் மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் கேட்டிருப்பார். உறையின்மேல் பேனாவால் காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு நிலா, சாப்பாட்டுக்குப் பின் என்றால் பக்கத்தில் ஒரு தட்டு என்று வரைந்து கொடுத்துப் பாருங்கள். நீங்கள் களைத்துப்போன நாளிலும் அந்தப் படம் களைக்காது.

உங்கள் நண்பர் சொல்கிற கறாருக்கு வருகிறேன். கண்ணோட்டம் என்பதை இன்று பத்திரிகைகள் ‘பார்வை’ என்ற பொருளில் தேய்த்துவிட்டன. வள்ளுவருக்கு அது இரக்கம். அதை அவர் பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லுகிற பகுதியில், 58ஆம் அதிகாரமாக வைத்திருக்கிறார். நாற்காலியில் இருப்பவனுக்குத்தானே அது அதிகம் தேவை! ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் நீங்கள். கத்தினாலும் ‘சரி தாயி’ என்றுதான் பதில் வரும். அதே அதிகாரத்தில், ‘கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்துஇவ் வுலகு’ என்கிறார். வேலை கெடாமல் இரக்கம் காட்டத் தெரிய வேண்டும். வரிசையை மீறி வருபவரைத் திருப்பி அனுப்புங்கள், சீட்டில் இல்லாத மருந்தைக் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். அதற்கெல்லாம் குரலை உயர்த்த வேண்டியதில்லை. உங்கள் வயிற்றைக் காயப்போடுவதும் கருமத்தைச் சிதைப்பதுதான், இரண்டரை மணிக்கு அதைப் பார்த்துவிட்டீர்கள்.

அந்தப் பாட்டிக்கு ஒரு மாத மாத்திரை கொடுத்திருப்பீர்கள். தீர்ந்ததும் உங்கள் ஜன்னலுக்குத்தான் வருவார். மன்னிப்புக் கேட்டு அவரைத் திகைக்க வைக்காதீர்கள், சூரியனையும் நிலாவையும் காட்டிப் புரிகிறதா என்று கேளுங்கள். அது அடுத்த மாதம். நாளைக்கு, ஒரு மணி ஆனதும் ‘உணவு இடைவேளை’ பலகையை மாட்டிவிட்டு எழுந்து போங்கள். வரிசையில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.